மலை எந்தப் பக்கம்

அத்தியாயம் 11

காலை ஐந்தே கால் மணி. கிரிவலப் பாதையில் வேணுவின் ஸ்கூட்டர் ஆள் ஓடுகிற வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. ஆனால் அதற்கு முன்னால் ஓடத்தான் ஆள் இல்லை.

ஐந்து வருடமாக அந்த இடத்தில் ஓவியா ஓடினாள். ஒரே மகள், ஒன்பதாம் வகுப்பு. அவள் முன்னால் ஓடுவாள். வேணு பின்னால் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு, கழுத்தில் விசிலும் இடது கையில் ஸ்டாப் வாட்சுமாக வருவார். "ரெண்டு செகண்டு ஜாஸ்தி", "மூணு செகண்டு கம்மி" என்று அவர் போடுகிற சத்தத்தில்தான் பாதையோரம் படுத்திருக்கும் சாமியார்களில் பாதிப் பேர் கண் விழிப்பார்கள்.

கடந்த பதினெட்டு நாளாகச் சாமியார்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

நடந்தது ஊருக்கே தெரியும். 'வெற்றிப் பெற்றோர்' வாட்ஸ்அப் குழுவில் அது வீடியோவாகவே சுற்றியது. பார்க்காமல் தப்பித்த ஒன்றிரண்டு பேருக்காக இங்கே சொல்லிவிடலாம்.

வட்டாரப் பள்ளி விளையாட்டுப் போட்டி. ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டம். கடைசி வளைவு வரை ஓவியாதான் முதலில். வளைவு வந்ததும் வழக்கம்போல அவள் உள்கோட்டிலிருந்து வெளிப்பக்கம் ஒதுங்கினாள். வேணுவுக்குப் பொறுக்கவில்லை. பெற்றோரைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றுக்கு அடியில் குனிந்து புகுந்து, "உள்ள வா, உள்ள வா" என்று கத்திக்கொண்டே மகளோடு சேர்ந்து தானும் ஓடினார். ரப்பர் செருப்பு வழுக்கியது. ஓடுதடத்தின் குறுக்கே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். ஓவியா அப்பாவைத் தாண்டிக் குதித்துத்தான் போக வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் சிந்துஜா என்ற பெண் முந்திவிட்டாள்.

விழுந்தவர் எழுந்திருக்கவாவது செய்தாரா? உட்கார்ந்த இடத்திலிருந்தே நேரம் குறிப்பவரோடு சண்டை பிடித்தார். அந்த மனிதருடைய ஸ்டாப் வாட்ச் தப்பாம்.

அன்று சாயங்காலம் ஓவியா ஷூவைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டு ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "இனிமே நீ இருக்கற கிரவுண்டுல நான் ஓட மாட்டேன்பா."

மறுநாள் காலை மனைவி தேவிப்ரியா மகளைக் கூட்டிக்கொண்டு கீழ்பென்னாத்தூரில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். ஓவியா அங்கிருந்துதான் தினம் பஸ்ஸில் பள்ளிக்கு வந்து போகிறாள். தேவிப்ரியாவும் அப்படியே, தான் ரத்தம் எடுக்கும் பரிசோதனைக் கூடத்துக்கு.

ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் வேணு, "அந்த ஸ்டாப் வாட்சு சரியில்லிங்க" என்று சொன்னார். தனக்குத்தானே சொல்லிக்கொண்டதும் அதையேதான்.

வீட்டில் விடிகிற வரை படுத்திருக்கவும் முடியவில்லை. நாலரைக்கெல்லாம் விழிப்பு வந்துவிடுகிறது. அவர் எழுப்புவதற்குத்தான் வீட்டில் யாரும் இல்லை. அதனால் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார். வந்தால் கை சும்மா இருப்பதில்லை. வெறுங்காலோடு தினமும் மலை சுற்றும் உயரமான வெள்ளைக்காரர் ஒருவரை எமலிங்கக் கோயிலிலிருந்து நிருதி லிங்கக் கோயில் வரை மூன்று நாள் நேரம் குறித்தார். நாலாம் நாள் வண்டியை அவர் பக்கத்தில் நிறுத்தி, "சார், டுடே எய்ட் செகண்டு லேட்" என்று தெரிவித்தார்.

வெள்ளைக்காரர் நின்று, இரண்டு கையையும் கூப்பி, மிகுந்த மரியாதையோடு "தேங்க் யூ" என்றார். இந்தப் பதினெட்டு நாளில் காலை வேளையில் வேணுவிடம் பேசிய ஒரே மனிதர் அவர்தான்.

இன்று வெள்ளிக்கிழமை. மாவட்டப் போட்டி. பத்தரை மணிக்கு ஓவியாவின் ஓட்டம். முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் மாநிலப் போட்டிக்குப் போகலாம். வெளியூரில் இருக்கும் ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலில் அடுத்த வருடம் இடமும் கேட்கலாம். அந்த ஹாஸ்டல்தான் வேணுவின் ஐந்து வருடக் கனவு. அதற்காகத்தான் இத்தனை விசிலும்.

ஆனால் அந்த ஓட்டத்தைப் பார்க்க அவருக்கு அனுமதி இல்லை. புதன்கிழமையே தேவிப்ரியா போனில் சொல்லிவிட்டாள்.

"ஏங்க, வெள்ளிக்கிழமை நீங்க ஊர்ல எங்க வேணா இருங்க. கிரவுண்டு கேட்டுக்குள்ள மட்டும் கால் வைக்காதீங்க."

"நான் சத்தமே போட மாட்டேன் தேவி. வாயை மூடிகினு நிக்கறேன்."

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க. அப்புறம் மைக்கைப் புடுங்கினீங்க. அவ தீர்மானமா சொல்லிட்டா. உங்களைப் பாத்தா கோட்டுலயே உக்காந்துடுவாளாம், ஓட மாட்டாளாம். அப்படி ஆச்சுன்னா முழுப் பரீட்சை முடியற வரைக்கும் நாங்க இங்கயே இருந்துடுவோம்."

ஊசியைப் பார்த்து அலறும் குழந்தைகளிடமே குரலை உயர்த்தாதவள் தேவிப்ரியா. அவள் மெதுவாகச் சொன்னால் அது முடிந்த விஷயம். வேணு பேச்சை மாற்றினார்.

"பிராக்டீசு எப்படிப் போவுது?"

"அண்ணன் களத்துல ஓடறா. வேர்க்கடலை காய வச்சிருக்காங்க இல்ல, அதைச் சுத்தி. இடப்பக்கமா."

வேணுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இடமா சுத்த விடறியா? அஞ்சு வருஷம் மலையை வலமா சுத்தின புள்ளய?"

"அது மலை இல்லிங்க. வேர்க்கடலை."

"இருந்தாலும்..."

"பச்சையம்மாள் டீச்சர்தான் அப்படி ஓடச் சொன்னாங்க. ஏன்னா..."

போட்டிதோறும் கயிறு கட்டித் தன்னைத் தள்ளி நிறுத்தும் பி.டி. டீச்சர் பச்சையம்மாளின் பெயரைக் கேட்டதுமே வேணு போனை வைத்துவிட்டார். ஆகவே அந்த 'ஏன்னா'வுக்குப் பிறகு என்ன என்பது அவருக்குத் தெரியவில்லை.

வேணுவின் பயிற்சி முறையில் இடப்பக்கம் என்ற ஒன்று கிடையாது. காலையில் மலை. மலையை யாராவது இடமாகச் சுற்றுவார்களா? சாயங்காலம் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனை. அதன் நடுவில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில். பிள்ளையாரைத்தான் இடமாகச் சுற்ற முடியுமா? ஆக, தினம் இருபது சுற்று, அத்தனையும் வலம். மழை பெய்தாலும் வலம், பரீட்சை வந்தாலும் வலம்.

*

ரமணாசிரமம் தாண்டி, செங்கம் சாலையில் வேணுவுக்கு வாடகை ஸ்கூட்டர் கடை. ஆறு வண்டி. எட்டு மணிக்குக் கடையைத் திறந்து ஆறு வண்டியையும் துடைத்தார். எட்டரைக்கு மறுபடியும் முதல் வண்டியிலிருந்து துடைக்க ஆரம்பித்தார்.

போன் விடாமல் கிணுகிணுத்தது. 'வெற்றிப் பெற்றோர்' குழு விழித்துக்கொண்டுவிட்டது. ஒரு தாய், தன் மகள் காலையில் இரண்டு முட்டை சாப்பிட்டதாக அறிவித்திருந்தாள். அடுத்த நிமிடமே இன்னொருத்தியின் மகள் மூன்று முட்டை. அதற்கடுத்து ஒரு தகப்பனார் நாலு முட்டையும் பத்து பாதாமும். சிந்துஜாவின் அப்பா விமல்ராஜ், மகளின் ஷூவைப் பூஜை அறையில் வைத்துக் குங்குமம் இட்டுப் படம் போட்டிருந்தார். டைல்ஸ் கடை வைத்திருப்பவர். படத்தில் பூஜை அறையின் டைல்ஸும் நன்றாகத் தெரியும்படி எடுத்திருந்தார்.

மற்ற நாளாக இருந்தால் வேணு ஆறு முட்டை என்று போட்டிருப்பார். இன்று ஓவியா என்ன சாப்பிட்டாள் என்றே அவருக்குத் தெரியாது.

யோசித்துப் பார்த்தால் மகளைப் பற்றி அவருக்குத் தெரியாதது நிறைய இருந்தது. பள்ளியில் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள், என்ன பாட்டுப் பிடிக்கும், எதைக் கண்டால் பயம், எதுவும் தெரியாது. நானூறு மீட்டருக்கு எத்தனை செகண்டு என்று மட்டும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். காலையில் அந்த ஒரு மணி நேரம்தான் இருவரும் சேர்ந்து இருந்த நேரம். அதிலும் அவள் முன்னால், இவர் பின்னால். மகளின் முகத்தைவிட முதுகை ஜாஸ்தி பார்த்த தகப்பன் இந்த ஊரிலேயே அவராகத்தான் இருப்பார்.

ஒன்பதே முக்காலுக்கு ஷட்டரை இறக்கினார். பெட்ரோல் போடப் போவதாகத் தனக்குச் சொல்லிக்கொண்டார். டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தது.

*

மைதானத்தின் பின்பக்கம் காம்பவுண்டு சுவர். அதையொட்டி முள்ளும் மண்மேடும். வேணு ஸ்கூட்டரைச் சுவரோடு ஒட்டி சென்டர் ஸ்டாண்டு போட்டு, சீட்டின்மேல் ஏறி நின்றார். மூக்கு வரைக்கும் சுவருக்கு மேலே வந்தது. 'கேட்டுக்குள்ள கால் வைக்கல' என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டார்.

கடைசி வளைவு நேர் எதிரே தெரிந்தது. முடிவுக்கோட்டுப் பக்கமும், எதிர்ப்பக்க நேர்த்தடத்தில் பாதியும் பந்தலில் மறைந்திருந்தன. இந்தமுறை பச்சையம்மாள் டீச்சர் ஒரு கயிற்றுக்கு இரண்டு கயிறாகக் கட்டியிருந்தார். வேணுவின் கைங்கரியம் அது. கயிற்றுக்குப் பின்னால் பெற்றோர்கள் குளுக்கோஸ், குடை, ஈரத்துண்டு சகிதம் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். கயிற்றைத் தாண்டினால் வெளியே அனுப்பிவிடுவோம் என்று ஒலிபெருக்கி நிமிடத்துக்கு ஒருதரம் சொல்லியது.

வளைவு ஆரம்பிக்கிற மூலையில்தான் வேணு எப்போதும் நிற்பார். அந்த இடத்தில் இன்று யாரும் நிற்கவில்லை. அவ்வளவு நெரிசலிலும் அந்த ஒரு முழ இடம் காலியாகக் கிடந்ததைப் பார்த்தபோது, தான் செத்துப்போய்த் திரும்பி வந்து பார்ப்பதுபோல அவருக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"நீங்களா சார்?"

கீழே பார்த்தார். விமல்ராஜ். கையில் ஐஸ் பெட்டி, சட்டைப் பையில் விபூதிப் பொட்டலம்.

"மெதுவாப் பேசுங்க சார். நான் இங்க இல்ல," என்றார் வேணு.

"நானும் இல்லதான் சார். வெளிய அனுப்பிட்டாங்க. புள்ள நிக்கப் போற எடத்துல கொஞ்சம் விபூதி தூவலாம்னு போனேன். டீச்சரு பாத்துட்டாங்க." விமல்ராஜ் ஸ்கூட்டரை ஏற இறங்கப் பார்த்தார். "எடம் இருக்குதா சார்?"

நாலு வருடமாக இவர்கள் இருவரும் நேருக்கு நேர் பேசியதில்லை. ஓவியா எந்தக் கடை முட்டை சாப்பிடுகிறாள் என்று வேவு பார்க்க விமல்ராஜ் ஆள் அனுப்பியதும், சிந்துஜாவின் ஷூ என்ன கம்பெனி என்று பார்க்க வேணு செருப்பு ஸ்டாண்டில் குனிந்து மாட்டிக்கொண்டதும் பழைய அத்தியாயங்களில் வந்த கதை. வேணு சீட்டில் நகர்ந்து நின்றார். விமல்ராஜ் ஐஸ் பெட்டியைப் படியாக வைத்து ஏறிக்கொண்டார். ஸ்கூட்டர் ஒருமுறை முனகியது.

இருவர் மூக்கும் சுவருக்கு மேலே வரிசையாக நின்றன.

"உங்க பொண்ணு கீழ்பென்னாத்தூர்ல இருக்குதாமே சார்," என்றார் விமல்ராஜ்.

"ஆமா."

"எனக்கு அந்தக் கவலை இல்ல சார். எம்பொண்ணு வீட்லதான் இருக்குது." சட்டைப் பையிலிருந்த விபூதிப் பொட்டலத்தைத் தடவினார். "கார்ல ஏறினதும் காதுல ஹெட்போன் மாட்டிக்குவா. நான் லேப் டைம் சொல்றப்ப மட்டும் ஒரு பக்கத்தைக் கழட்டுவா. அதுக்காவே சில நாள் பொய் டைம் சொல்லுவேன்."

வேணு அவரைத் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. அந்தப் பொய்யைத் தானும் சொல்லியிருக்கலாமே என்றுதான் தோன்றியது.

துப்பாக்கிச் சத்தம் கேட்டது. வேணுவின் கட்டைவிரல் அவரைக் கேட்காமலே ஸ்டாப் வாட்சை அழுத்தியது.

பந்தலுக்குப் பின்னாலிருந்து பெண்கள் கொத்தாக வெளிப்பட்டார்கள். சிந்துஜா முதலில். ஓவியா மூன்றாவது. வளைவு வந்தது. வேணுவின் தொண்டைக்குள் 'உள்ள வா' தயாராக வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

கத்தத் தேவையே இருக்கவில்லை. ஓவியா உள்கோட்டை ஒட்டியே வந்தாள். தலையும் இடது தோளும் லேசாக உள்ளே சாய்ந்திருந்தன. வளைவு முடிகிற வரைக்கும் ஒரு ஜாண்கூட வெளியே விலகவில்லை. அவளுக்கு வெளிப்பக்கமாகச் சுற்றி ஓடியவர்கள்தான் கூடுதல் தூரம் ஓடினார்கள்.

அப்போதுதான் வேணுவுக்கு உறைத்தது. மைதானத்தில் எல்லாரும் இடப்பக்கம்தான் வளைகிறார்கள். எத்தனையோ போட்டியில் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார். பார்த்தும் தெரியவில்லை. ஐந்து வருடம் பிள்ளையை வலப்பக்கமே வளைத்து வளைத்து ஓடவிட்டு, இங்கே கொண்டுவந்து இடப்பக்கம் வளை என்றால் அவள் வெளியே போகாமல் என்ன செய்வாள்? டீச்சரின் 'ஏன்னா' இதுதான். வேர்க்கடலையும் இதுதான். மலைமேலும் தப்பில்லை, பிள்ளையார்மேலும் தப்பில்லை, அந்த நேரம் குறிப்பவர்மேலும் தப்பில்லை. அவளை வெளியே தள்ளியவரும் வேணுதான், உள்ளே வா என்று ஊர் சிரிக்கக் கத்தியவரும் வேணுதான்.

"என்ன சார், கண்ணுல தூசா?" என்றார் விமல்ராஜ்.

"ஆமா சார். தூசுதான்."

இரண்டாம் முறை வளைவுக்கு வந்தபோது ஓவியா இரண்டாவதாக இருந்தாள். நேராகச் சுவரைப் பார்த்து வருவதுபோல வந்தாள். வேணு அவள் முகத்தைப் பார்த்தார். போட்டிகளில்கூட அவர் கண் அவள் காலிலும் ஸ்டாப் வாட்சிலும்தான் இருக்கும். ஓடும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. புருவம் சுருங்கவில்லை. பல் கடிக்கவில்லை. வாய் மட்டும் எதையோ மெல்ல முணுமுணுத்துக்கொண்டிருந்தது. எண்ணுகிறாளா, பாடுகிறாளா, யாரையாவது திட்டுகிறாளா, தெரியவில்லை. பின்னால் ஸ்கூட்டரில் வந்தவனுக்கு இது எப்படித் தெரியும்?

அடுத்தமுறையும் வாய் அசைந்தது. வளைவில் மட்டும்தான்.

கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தார்கள். சிந்துஜாவும் ஓவியாவும் மற்றவர்களை விட்டு முப்பது அடி முன்னால் போய்விட்டார்கள். இருவரும் பந்தலுக்குப் பின்னால் மறைந்தார்கள். விமல்ராஜின் விரல்கள் வேணுவின் முழங்கையைப் பிடித்து அழுத்தின. வேணு ஸ்டாப் வாட்சின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டார். சத்தம் போட்டால் மாட்டிக்கொள்வோம் என்பதால் இரண்டு தகப்பன்மாரும் வாயைத் திறந்து திறந்து மூடினார்களே தவிர, ஒரு எழுத்துகூட வெளியே வரவில்லை.

இருவரும் வெளிப்பட்டார்கள். தோளோடு தோள். வளைவு முடிகிற இடத்தில் ஓவியா அரை அடி முன்னால் வந்தாள்.

அந்த நேரம் பார்த்து இரண்டு பேரும் ஒன்றாக எம்பினார்கள்.

ஸ்கூட்டர் ஸ்டாண்டிலிருந்து கழன்றது. வேணு ஒரு பக்கம் முள்ளில் விழுந்தார். விமல்ராஜ் தன் ஐஸ் பெட்டியின் மேலேயே விழுந்தார். ஸ்டாப் வாட்ச் ஒரு கல்லில் பட்டு, முகப்பு உடைந்து, எண்கள் மறைந்து போயின. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய சத்தம் எழுந்து அடங்கியது.

மல்லாக்கக் கிடந்தபடி இருவரும் ஒலிபெருக்கியைக் கேட்டார்கள். முதலிடம் ஓவியா. இரண்டாமிடம் சிந்துஜா.

மகள் ஓடிய எந்த ஓட்டத்தின் முடிவையும் வேணு இதுவரை தவறவிட்டதில்லை. அவள் முதலில் வந்த மிகப் பெரிய ஓட்டத்தை ஒரு முள்செடிக்குப் பக்கத்தில் வானத்தைப் பார்த்துக்கொண்டு தவறவிட்டார்.

விமல்ராஜ் ஈரச் சட்டையோடு எழுந்து கை கொடுத்துத் தூக்கிவிட்டார். "கங்கிராட்ஸ் சார்," என்றார். பிறகு பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "நான் கேட்டுல போய் நிக்கறேன். வெளிய வரப்ப ஐஸ் கேப்பா."

ஐஸ் முழுவதும் மண்ணில் கொட்டிக் கிடந்தது. காலிப் பெட்டியை எடுத்துக்கொண்டு அவர் நடந்தார். வேணுவும் கேட்டுப் பக்கம் போயிருக்கலாம். எட்டி நின்று ஒரு பார்வை பார்த்திருக்கலாம். 'முழுப் பரீட்சை முடியற வரைக்கும்' என்ற தேவிப்ரியாவின் குரல் காதில் கேட்டது. கடைக்குத் திரும்பிப் போனார்.

*

சாயங்காலம் ஐந்தரைக்குத் தேவிப்ரியா கூப்பிட்டாள். முழங்கையில் முள் எடுத்துக்கொண்டிருந்த வேணு குரலைச் சரிசெய்துகொண்டார்.

"ஏங்க, ஓவியா ஃபர்ஸ்ட் வந்துட்டா."

"அப்படியா? நெஜமாவா? எப்போ?" என்றார் வேணு. நடிப்பு கொஞ்சம் ஜாஸ்தியாகிவிட்டது என்று அவருக்கே தெரிந்தது.

"கடையிலதான இருந்தீங்க?"

"கடையிலதான். வண்டி தொடச்சிகினு இருந்தேன்."

"சாப்டீங்களா?"

பதினெட்டு நாளில் அவள் இதைக் கேட்டது இதுதான் முதல் தடவை. "சாப்ட்டேன்," என்றார். சாப்பிட்டிருக்கவில்லை.

"உங்ககிட்ட பேசணுங்கறா. குடுக்கறேன். எனக்கு அடுப்புல வேலை இருக்குது."

போன் கை மாறியது. ஒரு கதவு திறக்கும் சத்தமும், தூரத்தில் மாட்டின் சத்தமும் கேட்டன. வெளியே வந்துவிட்டாள் போலிருக்கிறது.

"அப்பா."

"சொல்லும்மா. சந்தோஷம்மா."

"டைம் கேக்கலையா?"

வாய் வரைக்கும் வந்ததுதான். பாதை நெடுக, ஐந்து வருடம், அவர் அவளிடம் கேட்டதும் சொன்னதும் அது ஒன்றுதான். "வேணாம்மா," என்றார்.

  எதையாவது கேட்க வேண்டும், செகண்டு இல்லாத ஏதாவது ஒன்றை. அவருக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். யோசிக்காமல் கேட்டுவிட்டார்.

"வளைவுல ஒவ்வொரு தடவையும் என்னமோ சொல்லிகினே ஓடினியே, என்னம்மா அது?"

கேட்டு முடித்த பிறகுதான் என்ன கேட்டோம் என்று புரிந்தது. வேணு கண்ணை மூடிக்கொண்டார். முழுப் பரீட்சை ஏப்ரலில் வரும். இப்போது அக்டோபர்.

 ஓவியா குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "எங்க இருந்தே?"

"சுவத்துக்கு வெளிய. வண்டி மேல ஏறி நின்னேன். கேட்டுக்குள்ள கால் வைக்கலம்மா."

"கத்தினியா?"

"இல்ல."

"எனக்கு ஒண்ணுமே கேக்கல." அவள் மூச்சு விடுவது கேட்டது. "கடைசி வளைவுல காது தானா அந்த மூலைக்குப் போச்சு. இப்ப கத்துவே, இப்ப கத்துவேன்னு. அப்புறம் அங்க யாருமே இல்லன்னு தெரிஞ்சிது. ஒரு மாதிரி ஆயிடுச்சு."

 தனக்கும் அந்த மூலையைப் பார்த்து அப்படித்தான் ஆனது என்று வேணு சொல்லியிருக்கலாம். அப்படியெல்லாம் அவர்கள் பேசிக்கொண்டதில்லை.

"என்ன சொல்லிகினே ஓடினேன்னு இப்ப சொல்ல மாட்டேன்," என்றாள் ஓவியா. "அம்மாகிட்ட நீ வந்ததை நானும் சொல்ல மாட்டேன். டீச்சர் ஹாஸ்டல் ஃபார்ம் குடுத்துட்டாங்கப்பா. ரெண்டு பேரும் கையெழுத்து போடணும். நீ போட்டியான்னு பாத்துட்டுதான் அம்மா போடுவாங்களாம்."

"எப்ப போவணுமாம்?"

"ஜூன்ல. சேந்துட்டா தீபாவளி, பொங்கலுக்குத்தான் வுடுவாங்களாம்."

ஐந்து வருடமாக அவர் கேட்டது கிடைத்திருக்கிறது. ஸ்கூட்டருக்கு முன்னால் ஜூனிலிருந்து யாரும் ஓடப்போவதில்லை. விசிலும் கையுமாக விடியற்காலை தோறும் மகளைத் துரத்தித் துரத்தி, இந்த இடத்துக்குத்தான் கொண்டுவந்து விட்டிருக்கிறார்.

"ஞாயித்துக்கிழமை நான் வரேன்," என்றாள். "மாமா பால் வண்டியில கொண்டாந்து அஞ்சரைக்கு வுடுவாரு. ஏழரை பஸ்ல திரும்பிடுவேன். கையெழுத்து போடு, போடாமப் போ, அது உன் இஷ்டம். ஆனா மலை சுத்தற பாதையில கொஞ்ச தூரம் போலாம். ஓட்டம் கிடையாது, நடக்கறதுதான். ஸ்கூட்டர் வேணாம். பக்கத்துல நடந்து வா."

"சரிம்மா," என்றார் வேணு.

போன் வைத்த பிறகும் அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அஞ்சரையிலிருந்து ஏழரை. இரண்டு மணி நேரம். பழக்கத்தில் மனசு கணக்குப் போட்டுவிட்டது: ஏழாயிரத்து இருநூறு செகண்டு. அவ்வளவு நேரம் மகளுக்குப் பக்கத்தில் நடந்தால் அவளிடம் என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை.